காவலுக்கு ஒரு பெயர்

தாராவியில் பிறந்த என் பேரனுக்கு எலியேசர் என்று வைக்கச் சொன்னேன். 'என் தேவனே எனக்குத் துணை' என்று பொருள். "பள்ளிக்கூடத்துல எலின்னு கூப்பிடுவாங்கப்பா" என்றாள் மகள். செல்போனில் தேடி, பொருளே இல்லாத ஈரெழுத்துப் பெயர் ஒன்றை நீட்டினாள். எனக்கு மனசு ஆறவில்லை.

திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்த எங்கள் பெரியவர்கள், பிள்ளைகளுக்குக் காவலாகக் கொடுத்தது இந்த எபிரேயப் பெயர்களைத்தான். எபெனேசர், உதவிக் கல். அசரியா, 'கர்த்தர் உதவினார்'. 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா எங்கள் வெள்ளாளன்விளைக்காரர். காவல் தெய்வம் சுடலைமாடன் பெயரைச் சூட்டும் அடுத்த வீட்டார் நினைப்பதும் இந்தக் காவலைத்தான். கேலிக்குப் பயந்து இந்தப் பெயர்களை விடக் கூடாது. வீட்டில் முழுசாகக் கூப்பிட்டால் போதும்.

நேற்று மழையில் தகரக் கூரை அதிர்ந்தது. தொட்டிலருகே குனிந்து "எலியேசர்" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தான்.