பிள்ளைக்கு எந்தப் பாட்டுப் பெட்டி?

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: பிள்ளையளுக்கு இந்த முறை என்ன வாங்கிறது? ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் இந்த வருடம் நேராகவே கேட்டுவிட்டாள். "மச்சாள், டோனிபாக்ஸோ யோட்டோவோ? ஒண்டு காது வைச்ச பெட்டி, மற்றது கார்ட் போடுற பெட்டி. எதை வாங்கட்டும்? ஒரு வரியில சொல்லுங்கோ."

ஒரு வரியில் சொல்லலாம்தான். ஆனால் அவள் கேட்காத இரண்டு கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. இந்தப் பெட்டிக்குள் எங்கள் வீட்டுத் தமிழ் எப்படிப் போகும்? போன தமிழ் பதினைந்து வருடத்துக்குப் பிறகும் கேட்குமா? உங்களில் பலரும் இதே பெட்டிகளுக்கு முன்னால் யோசித்துக்கொண்டு நிற்பீர்கள் என்பதால், இந்த மாதப் பத்தி இதற்கே.

போனில் கதை போட்டுக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் போனில் போட்ட கதை ஐந்து நிமிடத்தில் வீடியோவாக மாறிவிடும். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத பெட்டியில் பிள்ளைக்குக் கேட்பது ஒன்றுதான் வேலை. நாங்களும் தமிழை அப்படித்தானே பிடித்தோம்? எழுத்து சனிக்கிழமைப் பள்ளியில் வந்தது. பேச்சு குசினியில் அம்மாவும் மாமியும் கதைத்ததைக் கேட்டு வந்தது. இப்போது எங்கள் வீடுகளில் அந்தச் சத்தம் பாதிதான் இருக்கிறது. மிச்சப் பாதிக்குத்தான் இந்தப் பெட்டி.

இனி, கடையில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

டோனிபாக்ஸ் ஜெர்மன்காரரின் பெட்டி, 2016ல் விற்பனைக்கு வந்தது. மெத்தை போலத் துணி சுற்றியது, விழுந்தாலும் பயமில்லை. மேலே ஒரு பொம்மையை வைத்தால் கதை தொடங்கும், எடுத்தால் நிற்கும். பெரிய காதை அமுக்கினால் சத்தம் கூடும், சின்னக் காதை அமுக்கினால் குறையும். மூன்று வயதுப் பிள்ளை யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு வேண்டியது 'கிரியேட்டிவ் டோனி' என்ற பொம்மை. அதில் நாங்கள் பதிந்ததை 90 நிமிடம் வரை ஏற்றலாம். 90 நிமிடம் முடிந்தால் பழையதை அழிக்க வேண்டும், அல்லது இன்னொரு பொம்மை வாங்க வேண்டும். பொம்மைகள் மலிவில்லை.

யோட்டோ பிரித்தானியப் பெட்டி. வங்கி அட்டை அளவில் ஒரு கார்டைச் செருகினால் பாடும். இரண்டு திருகிகள் உண்டு: ஒன்று சத்தத்துக்கு, மற்றது அடுத்த கதைக்குப் போக. முன்பக்கத்தில் சின்னப் புள்ளிப் படம் ஒன்று தெரியும், அவ்வளவுதான் திரை. 'மினி' என்ற சின்ன வடிவம் பையில் போட்டுக்கொண்டு போக நல்லது. சொந்தமாக ஏற்றும் வெற்றுக் கார்ட் ஒன்றில் 100 பதிவுகள், 5 மணித்தியாலம், 500 எம்பி வரை போடலாம். பிறகு மாற்றியும் கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஒரு கார்ட் முழுக்க அம்மம்மா, ஒரு கார்ட் முழுக்கத் தேவாரமும் திருப்புகழும், ஒன்றில் சித்தப்பாவின் பேய்க் கதைகள்.

மூன்றாவதைப் பற்றி மச்சாள் கேட்கவே இல்லை: பழைய மாதிரிச் சின்ன எம்பி3 பிளேயர். வைஃபை இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, ஆப் இல்லை. கணினியில் செருகி, கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. பேச்சுப் பதிவுக்கு 64 கேபிபிஎஸ் தரம் போதும். ஒரு மணித்தியாலக் கதை அப்போது சுமார் 29 எம்பி வரும். 8 ஜிபி பிளேயரில் 250 மணித்தியாலக் கதை தாராளமாக அடங்கும். ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் அதற்குள் கிடக்கும்.

முதல் இரண்டு பெட்டிகளும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். பொம்மைக்குள்ளோ கார்டுக்குள்ளோ கதை இல்லை. அது ஒரு சாவி மட்டும். சாவியை வைத்ததும் பெட்டி வைஃபை வழியாக நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து கதையை இறக்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு இணையம் இல்லாமலும் பாடும், காரிலும் விமானத்திலும் கேட்கலாம். ஆனால் பெட்டி உடைந்து புதிது வாங்கினால் திரும்பவும் அந்தச் சேவையகத்திடம்தான் போக வேண்டும். அதுவரை அந்தச் சேவை நடந்துகொண்டிருக்க வேண்டும்.

இது எங்கள் வயதுக்காரருக்குப் புதுக் கதை இல்லை. ஐபாட் 2001ல் வந்தது. அதற்குப் போட்டியாக மற்ற நிறுவனங்களின் பிளேயர்களுக்கு 'பிளேஸ்ஃபார்ஷூர்' என்ற முத்திரையை மைக்ரோசாஃப்ட் 2004ல் கொண்டுவந்தது. அந்த முத்திரை உள்ள பாட்டு ஐபாடில் ஓடாது. ஐடியூன்ஸில் பூட்டோடு வாங்கிய பாட்டு மற்றப் பிளேயர்களில் ஓடாது. பிறகு 2006ல் மைக்ரோசாஃப்ட் தன் சொந்த 'ஸூன்' பிளேயரை விட்டது. தங்கள் முத்திரை போட்டு விற்ற பாட்டுகளே அதில் ஓடவில்லை! 2008ல் எம்எஸ்என் மியூசிக்கில் வாங்கிய பாட்டுகளுக்குப் புதிய கணினியில் உரிமம் கொடுப்பதை நிறுத்தப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் காலத்தை நீட்டினார்கள். ஆப்பிள் பாட்டுகளின் பூட்டை 2009ல் கழற்றியது. ஸூன் 2011ல் நின்றது. ஐபாடும் 2022ல் நின்றது. அந்தக் காலத்தில் எது நல்ல பிளேயர் என்று பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்தோம். கடைசியில் எல்லாப் பிளேயரும் போய்விட்டன. சிடியிலிருந்து எம்பி3 ஆக மாற்றி வைத்த பாட்டுகள் மட்டும் இன்றும் எந்தப் போனிலும் பாடுகின்றன.

இன்னும் பின்னால் போங்கள். ஒலிநாடாவை 1963ல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்தியது. மற்ற நிறுவனங்களும் காசு கட்டாமல் அதே வடிவத்தில் செய்ய விட்டது. அதனால்தான் யாருடைய நாடாவும் யாருடைய ரேடியோவிலும் ஓடியது. எங்கள் அப்பா லண்டனுக்கு வந்த புதிதில் கடிதத்துக்குப் பதிலாக நாடாவில் பேசி ஊருக்கு அனுப்புவார். அதில் ஒன்றை அப்பாச்சி சேலைக்குள் சுற்றிக் கடைசிவரை வைத்திருந்தா. அப்பா இப்போது இல்லை. ஆனால் அந்த நாடா ஓடுகிறது. "அம்மா, இஞ்ச சரியான குளிர், ஆனா நான் நல்லாச் சாப்பிடுறன்" என்று இருபத்தாறு வயது அப்பா சொல்வதை, அவரைக் காணாத என் மகள் கேட்டிருக்கிறாள். அந்த ரேடியோவைச் செய்த நிறுவனம் எது என்றுகூட எங்களுக்கு ஞாபகம் இல்லை. அது தேவையும் இல்லை.

ஆகவே என் கணக்கு இதுதான். பெட்டி தேய்ந்து போகும் சாமான். குரல் சொத்து. பெட்டியை வயதைப் பார்த்து வாங்குங்கள், குரலை முதலில் உங்கள் கையில் வையுங்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். இந்தப் பெட்டிகளின் ஆப்பிலேயே நேராகப் பதியும் வசதி இருக்கிறது. சுகமாகத்தான் இருக்கும். ஆனாலும் முதலில் போனில் இருக்கும் ஒலிப்பதிவு ஆப்பில் பதியுங்கள். கோப்பு உங்களிடம் நிற்கும், பிறகு பெட்டிக்கு ஏற்றலாம். ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்திகளையும் விடாதீர்கள். அவை ஓபஸ் வடிவத்தில் வரும், சின்ன பிளேயர்கள் பலவற்றில் ஓடாது. கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளால் எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளலாம். எம்பி3க்கான உரிமக் கட்டணமும் 2017ல் முடிந்துவிட்டது. இனி அது எவருடைய பூட்டுக்குள்ளும் இல்லை. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது யார், என்ன கதை, எந்த வருடம் என்று எழுதுங்கள். ஒரு பிரதி கணினியில், இன்னொரு பிரதி அண்ணா வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும்.

பதிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அம்மாவிடம் போனை நீட்டி "ஒரு கதை சொல்லுங்கோ" என்றால் செய்தி வாசிப்பது போலச் சொல்லத் தொடங்கிவிடுவா. "ஆர் பிள்ளை இதைக் கேக்கப் போகினம்?" என்று நடுவில் நிறுத்தியும் விடுவா. பேரப்பிள்ளையை முன்னால் இருத்துங்கள், போனை விமானப் பயன்முறையில் போட்டு மேசையில் வையுங்கள், நீங்கள் எழும்பிப் போய்விடுங்கள். யாழ்தேவியில் கொழும்புக்குப் போன கதையை என் மகனுக்கு அப்படித்தான் சொன்னா. நடுவில் அவன், "அம்மம்மா, கச்சான் எண்டா என்ன?" என்று கேட்டான். அவ சிரித்துவிட்டு, தோலோடு வறுத்த வாசத்தில் தொடங்கி ரயில் பெட்டிக்குள் விற்ற பெடியன் கூவிய விதம் வரை சொன்னா. அந்தக் கேள்வியை நான் வெட்டவில்லை. காசு கொடுத்து வாங்கும் எந்தக் கதையிலும் அது வராது.

பெட்டிக்கு வருவோம். மூன்று, நான்கு வயதென்றால் டோனிபாக்ஸ். பிள்ளை தானாகவே இயக்கும், 90 நிமிடம் அந்த வயதுக்குப் போதும், ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வரை யோட்டோ. கார்ட் ஒன்றில் 5 மணித்தியாலம் போடலாம் என்பது பெரிய வசதி. அதற்கு மேல் சின்ன எம்பி3 பிளேயர் கொடுங்கள், கோப்பை எங்கே வைப்பது, எப்படி ஏற்றுவது என்று பிள்ளையே படிக்கட்டும். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்றால் என் வாக்கு யோட்டோவுக்கு.

காதைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணித்தியாலம்தான் எல்லை. டோனிபாக்ஸ், யோட்டோ இரண்டிலும் உச்ச சத்தத்தை ஆப்பில் கட்டுப்படுத்தலாம். வாங்கிய அன்றே செய்துவிடுங்கள்.

மச்சாளுக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: "உங்கட சின்னவளுக்கு நாலு வயது, காது வைச்சதை வாங்குங்கோ. ஆனா கடைக்குப் போக முதல் மாமியை இருத்திப் பத்து நிமிசம் பதியுங்கோ. பெட்டி அடுத்த மாதம் கழிவு விலையிலயும் கிடைக்கும்."