கண்ணீர் போதுமா?

படம் முடிந்து விளக்கு எரிகிறது. எழுந்து செல்ல மனமின்றி அமர்ந்திருக்கின்றனர் மக்கள். கைக்குட்டைகள் நனைந்து கிடக்கின்றன. பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூசி, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கொள்கின்றனர். "எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், இதுபோல் அழுததில்லை. இன்னொரு முறை பார்க்கும் துணிவும் எனக்கில்லை" என்று கூறுவோர் பலர். இத்தனைக்கும் திரையிலே தோன்றியவர்களில் ஒருவர்கூட இரத்தமும் சதையும் கொண்டவரல்லர். எல்லாம் தூரிகை தீட்டிய ஓவியங்கள்!

'மின்மினிகளின் கல்லறை' என்ற ஜப்பானியச் சித்திரப்படத்தையே குறிப்பிடுகிறோம். 1988 ஏப்ரல் 16 அன்று இது வெளிவந்தது. இதனுடன் சேர்த்து, ஒரே சீட்டுக்கு இரண்டு படமாக, குழந்தைகளைக் குதூகலிக்கச் செய்யும் 'என் அண்டைவீட்டு டோட்டோரோ'வும் காட்டப்பட்டது. பிள்ளைகளைச் சிரிக்க வைக்க அழைத்து வந்த பெற்றோர், தாமே அழுது வீடு திரும்பினர்.

கதை சிறியது. 1945ஆம் ஆண்டு. கோபே நகரின்மீது அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு பொழிகின்றன. தாய் கருகி மாள்கிறாள். தந்தை கடற்படையில்; கடிதம் போட்டும் பதில் இல்லை. எஞ்சியவர் பதினான்கு வயது அண்ணன் செய்தா, நான்கு வயதுத் தங்கை செத்சுகோ. உறவினள் ஒருத்தியின் வீட்டில் ஒண்டுகின்றனர். சுடுசொல் பொறுக்காமல் வெளியேறி, குளக்கரைப் பதுங்கு குழியில் குடியேறுகின்றனர். தங்கை பட்டினியால் சாகிறாள். அண்ணனும் ரயில் நிலையத் தூணில் சாய்ந்தபடி சாகிறான். அவ்வளவுதான்.

கற்பனைதானே என்று கண்ணைத் துடைத்துக் கொள்ளவும் வழியில்லை. 1967இல் இக்கதையை எழுதிய நோசாகா அகியூக்கி, அப்போரில் தம் குழந்தைத் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். கதையில் வரும் அண்ணனைப் போல் அன்பு காட்டத் தாம் தவறியதையும், அவளுக்குரிய உணவைத் தாமே உண்டதையும் பின்னாளில் ஒப்புக்கொண்டவர். படத்தை இயக்கிய தக்காஹாட்டா இசாவோ, 1945 ஜூன் 29 அன்று ஒக்காயாமா நகரம் எரிந்தபோது ஒன்பது வயதுச் சிறுவனாக அத்தீயினூடே ஓடித் தப்பியவர். வெந்தவர்கள் சொன்ன கதை இது.

அழுதவர்களை ஏளனம் செய்ய நாம் எழுதவில்லை. பகுத்தறிவாளனுக்குக் கண்ணீர் ஆகாது என்று எவரேனும் கூறினால், அவர் பகுத்தறிவைக் கல்லென்று கருதிவிட்டார் என்போம். ஒரு குழந்தையின் பசி கண்டு கலங்காத அறிவு நமக்குத் தேவையில்லை. நமது கேள்வி வேறு. அழுது முடித்தபின் இவர்கள் என்ன பேசுகிறார்கள்?

ஒரு சாரார் பெருமூச்செறிந்து, "விதி! போர்க்காலம் அப்படித்தான், யாரை நோவது?" என்கின்றனர்.

மற்றொரு சாரார் சற்றுக் கடுமையானவர். "பையன்மீதுதான் குற்றம். அந்த அம்மாளிடம் பணிந்து போயிருக்கலாம். வேலைக்கும் போகவில்லை, வணக்கமாகவும் பேசவில்லை. வீம்பு பிடித்துத் தங்கையைக் கொன்றுவிட்டான்" என்று தீர்ப்பளிக்கின்றனர். ஜப்பானிலேயே இன்று இப்படிப் பேசுவோர் பலர். கண்ணில் நீர் காயுமுன்னே நாக்கு நீதிபதியாகிவிடுகிறது!

இரு சாராரையும் கேட்கிறோம்.

விதி என்கிறீர்களே, அந்த விதியை எழுதியது எந்தக் கை? கோபேயில் விழுந்தது வானத்து இடியா? B-29 விமானம் சுமந்து வந்த எரிகுண்டு. மரவீடுகள் நெருங்கிய நகரங்களைக் கொளுத்துவதற்கென்றே திட்டமிட்டுப் பொழியப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 9, 10 தேதிகளில் தோக்கியோவில் ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். அரிசி இல்லாமற் போனது இயற்கையின் சினமா? ஆண்டுக் கணக்கில் படைக்கே அனைத்தும் என்று வாரிக் கொடுத்து, கப்பல்களையும் இழந்து, நாட்டைப் பட்டினி போட்ட அரசின் செயல். 1941இல் நகரத்து மக்களில் வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 330 கிராம் அரிசி என்று அளந்தார்கள். 1945 ஜூலையில் அதிலும் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். இத்தனையும் மனிதர் போட்ட கணக்கு. மனிதர் போட்ட கணக்கை மனிதர் கேட்கலாம். விதி என்று சொல்லிவிட்டால் எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஆண்டவர்களுக்கு அதைவிட வசதியான சொல் வேறென்ன உண்டு?

இனி, பையன்மீது பழி போடுவோரிடம் வருவோம். செய்தா பிழையே செய்யாதவன் என்று நாம் வாதாடவில்லை. படமும் அப்படிச் சொல்லவில்லை. அவன் அவசரப்பட்டான்; உலகம் அறியாதவன். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையின் பிழைக்குத் தண்டனை பட்டினிச் சாவு என்று எந்தச் சட்டம் கூறுகிறது?

'பணிந்து போயிருக்கலாம்' என்ற சொல்லைச் சற்று உரித்துப் பாருங்கள். படத்திலே, காசு கொடுத்து உணவு கேட்கும் செய்தாவிடம் உழவன் ஒருவன் சொல்கிறான்: இப்போது எல்லாம் பங்கீட்டு முறை; அண்டைக்குழு எதிலும் சேராமல் வாழ முடியாது; மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டுக்கே திரும்பிப் போ. படத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. 1940இல் ஜப்பானிய அரசு பத்து வீடுகளுக்கு ஒரு குழு என்று நாடெங்கும் அமைத்தது. பங்கீட்டு உணவு அதன் வழியாக வந்தது. அரசின் ஆணையும் கண்காணிப்பும் அதன் வழியாகவே வந்தன. சோறும் சொற்கேட்டலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. குழுவை விட்டு விலகியவனுக்குக் கஞ்சியில்லை. ஆக, 'பணிந்திருக்கலாம்' என்போர் அந்த அத்தையின் கட்சி பேசவில்லை. அந்தக் கயிற்றைத் திரித்தவரின் கட்சி பேசுகின்றனர்.

அத்தையும் அரக்கியல்லள். "நாட்டுக்கு உழைப்போருக்குத்தான் சோறு" என்று அரசு ஓதிய மந்திரத்தை அவள் தன் சமையலறையில் திருப்பி ஓதினாள். வேலைக்குச் செல்வோருக்குப் பருக்கை, அநாதைகளுக்குக் கஞ்சித் தண்ணீர்! சர்க்கார் சட்டமாகப் பேசிய கொடுமை, அடுப்படியிலே சிக்கனம் என்று பெயர் பெற்றது.

தக்காஹாட்டா இதை முன்கூட்டியே கண்டார். படம் வெளிவந்த 1988இலேயே, காலம் தலைகீழாகத் திரும்பினால், அந்தப் பெண்மணியைவிடக் கடுமையாக இச்சிறுவனைப் பழிப்போர் பெருகும் நாள் வரலாம் என்றும், அதை எண்ணினால் அச்சமாயிருக்கிறது என்றும் அவர் கூறினார். 2018இல் அவர் மறைந்தார். அவர் அஞ்சிய பேச்சு இன்று சர்வசாதாரணமாகக் காதில் விழுகிறது.

"ஜப்பானியருக்காக நாம் ஏன் அழ வேண்டும்? அவர்கள் படை செய்த கொடுமையை இப்படம் காட்டவில்லையே!" என்று கேட்போரும் உளர். கொரியாவில் எழுந்த கேள்வி அது, நியாயமான கேள்வியுங்கூட. தமிழனுக்கும் அதைக் கேட்க உரிமையுண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட, மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரமாயிரமாக இழுத்துச் சென்றது ஜப்பானியப் படை. காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் செத்து விழுந்தனர். பெயர் பொறித்த கல்லறைகூடப் பெரும்பாலோருக்கு இல்லை.

அதை மறக்கச் சொல்லவில்லை. மறக்காமல் சிந்திக்கச் சொல்கிறோம். சயாம் காட்டில் நம்மவரைக் கொன்ற ஆட்சி எதுவோ, அதே ஆட்சிதான் கோபேயில் தன் சொந்தக் குழந்தையையும் பட்டினி போட்டது. பேரரசரைத் தெய்வமென்று பள்ளிப்பிள்ளைகளை வணங்க வைத்த ஆட்சி அது. அந்தத் தெய்வத்தின் பெயரால் எவரையும் கொல்லலாம், எவரும் சாகலாம் என்று கற்பித்தார்கள். 1946 ஜனவரி முதல் நாள், தாம் தெய்வமென்பது பொய்க் கற்பனை என்று அப்பேரரசரே அறிக்கை விட்டார். செத்சுகோ செத்து நான்கு திங்கள் கழித்து! அந்த ஓர் அறிக்கை பத்தாண்டு முன்னே வந்திருந்தால் எத்தனை சிதைகள் எரியாமல் இருந்திருக்கும்?

கடைசியாக ஒரு கூட்டம். "அருமையான அமைதிப் படம்! இதைப் பார்த்தால் போதும், போரே வராது" என்று மாலை சூட்டுவோர். இவர்களுக்கும் தக்காஹாட்டாவே விடை கூறிவிட்டார். துன்பத்தைக் காட்டும் படம் போரைத் தடுக்காது. 'அத்துன்பம் மீண்டும் வராதிருக்கவே ஆயுதம் எடுக்கிறோம்' என்றுதான் அடுத்த போரையும் தொடங்குவார்கள் என்பது அவர் எச்சரிக்கை. அழுகையையே முதலீடாக்கிப் போர் வாணிபம் நடத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தோழர்களே!

அப்படியானால் கண்ணீரால் பயனில்லையா? உண்டு, அது கேள்வியாக மாறினால்.

படத்திலே ஒரு காட்சி. நலிந்த தங்கையை மருத்துவரிடம் தூக்கிச் செல்கிறான் செய்தா. ஊட்டம் வேண்டும் என்கிறார் மருத்துவர். அத்தோடு அடுத்த நோயாளியை அழைத்துவிடுகிறார். ஊட்டத்துக்கு எங்கே போவேன் என்று கதறுகிறான் சிறுவன். பதில் சொல்ல அங்கே ஆளில்லை. பின்னர் அவள் இறந்தபோது, எரிப்பதற்குக் கரி கிடைக்கிறது. உயிரைக் காக்க அரிசி தராத சமுதாயம், உடலை எரிக்கக் கரி தருகிறது! இந்த இடத்தில் அழுதவர் எத்தனை பேர்? 'ஏன்?' என்று கேட்டவர் எத்தனை பேர்?

இறுதிக் காட்சியில், மாண்டுபோன இரு குழந்தைகளும் குன்றின்மேல் அமர்ந்திருக்கின்றனர். கீழே, விளக்குகள் மின்னும் இன்றைய கோபே, உயர்ந்த மாளிகைகள். அவர்களைத் திரும்பிப் பார்ப்பார் எவருமில்லை. ஆவியை நம்பாத நமக்கும் அந்தக் காட்சியின் பொருள் விளங்குகிறது. கேட்கப்படாத கேள்விகளாக அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இளைஞர்களே, படத்தைப் பாருங்கள். வெட்கமின்றி அழுங்கள். பிறகு உங்கள் தெருவில், பசித்த பிள்ளையைக் காட்டி எவரேனும் "விதி" என்றாலோ, "பெற்றோர் செய்த தவறு" என்றாலோ, "பணிந்து கேட்டால் கொடுப்பார்களே" என்றாலோ, அங்கே நின்று கேளுங்கள்: அரிசி யார் கையில் இருக்கிறது? ஏன் இக்குழந்தைக்கு வரவில்லை?

அந்தக் கேள்வி எழும் நாளில்தான், நாம் சிந்திய கண்ணீருக்கு மதிப்பு உண்டாகும்.