பளபளப்பு வேறு, சுத்தம் வேறு



ஹெட் கேஸ்கட் மாற்றும்போது, ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கேஸ்கட்டை கிரைண்டரில் எமரி வட்டு மாட்டித் தேய்ப்பது பல ஒர்க்‌ஷாப்களில் வழக்கமாகிவிட்டது. "ரெண்டு நிமிஷத்துல கண்ணாடி மாதிரி ஆயிடுது சார்" என்கிறீர்கள். கண்ணாடி மாதிரி மின்னினால் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தமா? இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இன்றைய ஹெட் பெரும்பாலும் அலுமினியம். வட்டு ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாலே பள்ளம் விழும். பல இன்ஜின்களில் அனுமதிக்கும் கோணலே 0.05 மி.மீ. அளவுதான். உலோக அடுக்கு கேஸ்கட் உங்கள் பள்ளத்தை அடைத்துத் தராது.

அதைவிட மோசம், தூள். வட்டிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு, பேரிங் உலோகத்தைவிடப் பல மடங்கு கடினம். ஆயில் போகும் வழியில் விழுந்தால் பேரிங்கில் பதிந்து கிராங்கை அராவும். நுண்ணிய துகளை ஃபில்டர் முழுவதும் பிடிக்காது. இதற்காகவே ஜெனரல் மோட்டார்ஸ் தன் மெக்கானிக்குகளுக்கு எச்சரிக்கைச் சுற்றறிக்கை அனுப்பியது. நாமோ பேரிங் போனதும் "ஆயில் சரியில்லை" என்று வண்டிக்காரர் தலையில் கட்டுகிறோம். கேஸ்கட் மாற்ற வந்தவர் இன்ஜின் வேலைக்கே பணம் கட்டுகிறார். இது நியாயமா?

சரியான முறை ஒன்றும் ரகசியமில்லை. சிலிண்டர், ஆயில், தண்ணீர்த் துளைகளைத் துணியால் அடையுங்கள். கேஸ்கட் ரிமூவர் அடித்து, அது ஊறும்வரை பொறுங்கள். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். அலுமினியத்தில் ஆக்சா பிளேடு வேண்டாம். போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் காற்றடித்து எடுங்கள். இல்லையென்றால் போல்ட்டை முறுக்கும்போது, உள்ளே சிக்கிய திரவம் பிளாக்கையே விரிசல் விடச் செய்யலாம். ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து நீளத்திலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் பாருங்கள். கோணல் இருந்தால் மெஷின் ஷாப்புக்கு அனுப்புங்கள். கடைசியாக எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்த பிறகுதான் புது கேஸ்கட்.

"கஸ்டமர் அவசரப்படுத்துறாங்க" என்பீர்கள். அதே ஹெட்டை இன்னொரு முறை கழற்ற மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது? சந்தை பூராவும் சிலிகான் பசை பூசியும் இதைச் சரிக்கட்ட முடியாது. அதிகமாகப் பூசிய பசை உள்ளே பிதுங்கி, ஆயில் சல்லடையை அடைத்துவிடும்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: வண்டியை விடும்போது "எதை வைத்துச் சுத்தம் செய்வீர்கள், மட்டம் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் கடையில் வண்டியை விடாதீர்கள். அது என் மாணவனின் கடையாக இருந்தாலும் சரி.