காருக்கும் இடம், சாமானுக்கும் இடம்



ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் சமதரையாக நிலம் கிடைப்பது அரிது. சரிவை வெட்டி, வீதி மட்டத்தில் ஒரு கராஜும் அதற்கு மேலே வீடுமாகக் கட்டிக்கொள்பவர்கள் பலர். அந்தக் கராஜில் கார் மட்டுமா நிற்கிறது? நோன்புக் கஞ்சிப் பானை, விருந்துச் சஹன்கள், கடையில் மிஞ்சிய சாக்குகள், பிள்ளைகளின் பழைய சைக்கிள், மண்ணெண்ணெய்க் கேன் என்று எல்லாமே அங்கேதான். காரை ஓட்டுபவர் வீட்டுக்காரராக இருக்கலாம். சாமானை எடுப்பதும் வைப்பதும் நாம்தானே! ஆகவே தச்சரை அழைக்கும் முன், திட்டத்தை நாமே போட்டுக்கொள்வது நல்லது.

முதலில் அளவு

அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கராஜின் உள்ளளவு 8 அடி அகலம், 16 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். நம் பாதைகளில் இன்று அதிகம் ஓடும் வேகன் ஆர் போன்ற ஜப்பானியச் சிறு கார்களுக்கு அந்நாட்டுச் சட்டம் விதித்துள்ள எல்லை 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம். அதாவது ஏறக்குறைய 11 அடி 2 அங்குலம் நீளமும், 4 அடி 10 அங்குலம் அகலமும். பக்கக் கண்ணாடிகள் இந்தக் கணக்கில் சேரா.

அகலத்தில் மிஞ்சுவது 3 அடி 2 அங்குலம். சாரதி இறங்குவது வலப்பக்கம். கதவைத் திறந்து ஓர் ஆள் இறங்க 2 அடியாவது வேண்டும். இடப்பக்கம் மிஞ்சுவது வெறும் 14 அங்குலம். அங்கே தரையிலிருந்து தட்டு அடித்தால் கண்ணாடியும் உடையும், காரும் கீறப்படும். எனவே இடப்பக்கச் சுவரில் 6 அடி உயரத்துக்கு மேலே மட்டும், ஓர் அடி அகலத்தில் ஒரு தட்டு போதும். பாய், வெற்றுப் பெட்டி போன்ற இலேசானவற்றுக்கு அது. அதற்குக் கீழே, ஏணியையும் தும்புத்தடியையும் சுவரோடு ஒட்டித் தொங்கவிடக் கொக்கிகள் அடியுங்கள்.

நீளத்தில் மிஞ்சுவது 4 அடி 10 அங்குலம். உட்சுவரை ஒட்டி ஒன்றரை அடி ஆழத்தில் பெரிய ராக்கையை அமையுங்கள். வாசல் கதவுக்கு ஓர் அடி விடுங்கள். காருக்கும் ராக்கைக்கும் இடையே 2 அடி 4 அங்குலம் கிடைக்கும். குனிந்து ஒரு சாக்கை இழுக்க அது போதும். கார் அந்த எல்லையைத் தாண்டாதிருக்க, சக்கரம் முட்டி நிற்கும்படி தரையில் ஒரு கட்டையைப் பதித்துவிடுங்கள்.

ஈரம்தான் எதிரி

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மற்ற மாதங்களிலும் மூடுபனி. நனைந்து வரும் காரிலிருந்து வடியும் நீரும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கீழ்த்தட்டு தரையிலிருந்து 6 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். ராக்கையின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே 2 அங்குலம் காற்றோட இடம் விடுங்கள். முழுப் பலகையைவிட, இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள் சிறந்தவை. யூகலிப்டஸ் மரம் நம் பகுதியில் எளிதில் கிடைக்கும். ஆனால் பச்சை மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும். நன்கு காய்ந்ததா என்று பார்த்தே வாங்குங்கள். பாரமானவை கீழே, இலேசானவை மேலே. ராக்கையை இரும்புப் பட்டியால் சுவரோடு பிணைக்க மறவாதீர்கள். பிள்ளைகள் அதை ஏணியாக்கி விடுவார்கள்.

அரிசியையும் மாவையும் மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். சாக்கில் வைத்தால் எலி வரும். வந்த எலி அரிசியோடு நிற்காது, காரின் வயர்களையும் கடிக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இருக்கும் காரைக் காப்பது எவ்வளவு அவசியம் என்பதை அந்த ஆண்டுகளில் கண்டோமல்லவா?

உயிரோடு விளையாட வேண்டாம்

2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற நாட்களில், கிடைத்ததைக் கேனில் சேர்த்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் வந்தது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து சென்று, தண்ணீர் மோட்டாரின் ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். சமையல் எரிவாயுவும் அப்படியே. மேலதிக சிலிண்டரைக் கராஜுக்குள் வைக்காமல், காற்றோட்டமுள்ள வெளி நிழலில் நிமிர்த்தி வையுங்கள். பூச்சி மருந்தையும் மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது பெரும் ஆபத்து. பூட்டுள்ள பெட்டியில், அதனதன் கலனிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. குளிர்காலைகளில் கராஜ் கதவைச் சாத்தியபடியே எஞ்சினைச் சூடாக்காதீர்கள். புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கராஜுக்கு மேலேதான் நம் படுக்கையறை! படியின் இடுக்கு வழியாக அது மேலே வரும். முதலில் கதவைத் திறந்து, காரை வெளியே எடுத்த பிறகே எஞ்சினை ஓடவிட வேண்டும்.

எதை வைக்கக்கூடாது என்பதும் திட்டத்தில் சேரும். பந்து, சைக்கிள், விளையாட்டுச் சாமான் எதுவும் கராஜில் வேண்டாம். அவற்றைத் தேடிக் குழந்தை வரும். காரை எடுப்பவரின் கண்ணுக்குக் குழந்தையின் உயரம் எட்டாது. அந்தச் சைக்கிளுக்கு வீட்டுக்குள் ஒரு மூலையை ஒதுக்குங்கள். வேண்டாததென்றால் இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள், ஸதகாவாகட்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மலைகளைச் சரித்ததை யார் மறப்பார்? மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் காரின் முன்னால் சாக்குகள் அடுக்கிக் கிடந்தால் என்ன செய்வது? வாசல் வழி எப்போதும் வெறுமையாக இருக்கட்டும். வாசலுக்கு அருகே ஒரு கொக்கியில், டோர்ச், மருந்து, பத்திரங்களின் பிரதிகள் அடங்கிய பை ஒன்று தொங்கட்டும்.

இரவில் பாத்திரங்களை மூடி, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று அதற்குக் காரணமும் கூறியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. ஒரு சின்னஞ்சிறு எலியால் வரக்கூடிய ஆபத்தையும் எண்ணிப் பார்த்துத் தடுக்கச் சொன்ன மார்க்கம் இது. அளவு நாடாவைப் பிடித்து, பெற்றோல் கேனை அப்புறப்படுத்தும் நம் கையும் அந்தச் சுன்னத்தின் வழியில்தான் நடக்கிறது.

வருகிற விடுமுறை நாளில், வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கராஜை ஒருமுறை வெறுமையாக்குங்கள். தரையில் சோக்கால் காரின் இடத்தைக் கோடிடுங்கள். மிஞ்சும் இடமே தட்டுக்கு.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.