பொருந்துவதெல்லாம் பொருத்தமாகாது

இரவுப் பணியாளர்களை ஏற்றிச்செல்லும் வேன் ஒன்றை நண்பர் ஓட்டுகிறார். ஹெட்லைட் மங்கிவிட்டது என்று கடைக்குப் போனவர், 60/55 வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்புகளை மாட்டிக்கொண்டு திரும்பினார். "பின்னால் பத்துப் பேர் உறங்குகிறார்கள், சாலை தெரிய வேண்டாமா?" என்றார். அந்த அக்கறையை மதிக்கிறேன். அவர் கண்ட தீர்வை முற்றாக மறுக்கிறேன்.

ஹெட்லைட் என்பது வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும் பாத்திரமன்று. அளவிட்டுச் செய்த ஒளியியல் கருவி. 1971இல் புழக்கத்துக்கு வந்த எச்4 பல்பில் இரண்டு இழைகள் உள்ளன. டிம் இழையின் அடியில் சிறு கிண்ணம் போல் ஓர் உலோகத் தடுப்பு இருக்கிறது. எதிரில் வருபவரின் கண்ணுக்கு மேலெழக்கூடிய கதிர்களை அதுதான் மறிக்கிறது. இழை இருக்கும் இடத்தை நம்பியே பிரதிபலிப்பானின் வளைவு முழுவதும் கணிக்கப்பட்டிருக்கிறது. அதே கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினால், தகட்டின் இரு பக்கமும் ஒட்டிய சில்லுகளிலிருந்து ஒளி பிறக்கிறது. அதன் வடிவமும் இடமும் சற்றே பிசகினாலும் ஒளியின் மேல்விளிம்பு கலைந்துவிடும். சுவரில் அடித்துக் காட்டும் காணொளிகளில் இது தெரியாது. அங்கே பளிச்சென்று இருப்பதுதான் வெற்றி! சாலையிலோ வண்டிக்கு முன்னுள்ள பத்தடி மட்டும் வெளுத்துப்போகும். அதற்குப் பழகிய கண்ணுக்குத் தொலைவு மேலும் இருண்டுவிடும்.

100/90 பல்பின் அடிப்பகுதி பழைய ஹோல்டரில் அப்படியே உட்காருகிறது. வினையே அங்குதான். 55 வாட் டிம் இழைகள் இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 90 வாட் இழைகள் இழுப்பது 15 ஆம்பியர். வயரும் சுவிட்சும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல. ஹோல்டர் உருகி, கருகிய வாடை வந்த பிறகுதான் பலருக்கு இது விளங்குகிறது.

உண்மையில் பழைய பல்பா குற்றவாளி? நண்பரின் வேனில் பழைய பல்பையே மீண்டும் மாட்டி, விளக்கை எரியவிட்டு அளந்தோம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், ஹோல்டரில் 11.9. இழை பல்பில் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறையும். இந்தக் கணக்கின்படி அவருடைய வெளிச்சத்தில் ஐந்தில் இரு பங்கு, துருவேறிய எர்த் இணைப்பிலும் இற்றுப்போன வயரிலும் கரைந்திருக்கிறது. மஞ்சள் பூத்த முகப்புக் கண்ணாடி விழுங்கியது தனி. இதையெல்லாம் விட்டுவிட்டு வாட்டைக் கூட்டுவது, ஓட்டைக் குழாய்க்குப் பெரிய மோட்டார் வைப்பதற்குச் சமம்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. நாமோ கண்ணாடியின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். கலைந்துபோன ஒளியை ஸ்டிக்கர் ஒழுங்கு செய்யாது. திருஷ்டிப் பொட்டு அளவுக்கே அதற்கு மதிப்பு.

"எதிரில் வருபவன் போடுகிறான், நான் போட்டால் என்ன?" என்பதே கடைசியாக எஞ்சும் வாதம். எதிரில் வருபவர் பெரும்பாலும் இருசக்கர வண்டிக்காரர். நடுத்தடுப்பில்லாத சாலையில், நம் ஒளி கண்ணில் பட்ட அந்த இரண்டு மூன்று நொடிகள் அவர் குருடராகவே வண்டி ஓட்டுகிறார். அவர் பதிலுக்குப் பதில் செய்யும் நிலையில்கூட இல்லை.

ஆகவே, வாகனக் கையேடு சொல்லும் அதே வகை, அதே வாட், இரண்டும் ஜோடியாக. நீலப் பூச்சுள்ள பல்பு வேண்டாம். பூச்சு ஒளியைத்தான் தின்னும். கண்ணாடிக் குமிழை விரலால் தொடாமல் மாட்டி, பிறகு ஒளியின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும்.

நண்பர் எர்த்தைச் சுரண்டித் துடைத்து, புது வயரும் ரிலேயும் போட்டுக்கொண்டார். 60/55 பல்பே இப்போது போதும் என்கிறார். கழற்றிய 100/90 பல்புகளை வேறொரு வேன்காரருக்குப் பாதி விலைக்கு விற்கப்போவதாகச் சொன்னார். அதற்காக இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.