மணி அடித்த பிறகு

2025 கல்வியாண்டு தொடங்கியபோது கியூபெக் மாகாணப் பாடசாலைகளில் முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை கைபேசி கூடாது என்றாகிவிட்டது. தொடக்க நிலை, உயர்நிலை, அரசு, தனியார் என்ற பேதம் இல்லை. அதற்கு முன் 2024 ஜனவரியில் வந்த உத்தரவு அரசுப் பாடசாலைகளின் வகுப்பறைக்குள் மட்டும் தடை விதித்திருந்தது, இடைவேளையைத் தொடவில்லை. புதிய தடையைக் கேட்டு நம்மவர் வீடுகளிலும் பலர் ‘அப்பாடா’ என்றார்கள். ஆனால் கடைசி மணி அடித்ததும் பிள்ளை வீட்டுக்குத்தானே வருகிறது?

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மாடிக் குடியிருப்பை எண்ணிப் பாருங்கள். டிசம்பரில் நாலேகால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வெளியே பனி. அப்பா மாலை ஷிப்டுக்குப் போய்விட்டார். அம்மா இப்போதுதான் வேலையால் வந்து உலையை வைத்திருக்கிறார். பிள்ளை ஓடியாடினால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். அந்த நேரத்தில் டேப்லெட்டைக் கையில் கொடுக்காத தாய் யார்? அவருக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள், சோறு வேகும்வரை அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

இந்த நகரத்துத் தமிழ் வீடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டப்படி குடியேறியவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகிறார்கள். பாடசாலையிலிருந்து வரும் மின்னஞ்சலும் அறிவிப்பும் பிரெஞ்சில். பிரெஞ்சு தெரியாத பெற்றோர் என்ன செய்வார்கள்? “என்ன எழுதியிருக்கு, பார்த்துச் சொல்லு மகள்” என்று கைபேசியைப் பிள்ளையிடமே நீட்டுவார்கள். கடவுச்சொல்லும் பிள்ளைக்குத்தான் தெரியும். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரையே நம்பியிருக்கிற வீட்டில், பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியை இறக்கி என்ன பயன்? அதை நிறுவித் தருவதும் அந்தப் பிள்ளையாகவே இருக்கும். இங்கே வளர்ந்து பிரெஞ்சு படித்த நம் இளையோர், உறவிலோ அயலிலோ இருக்கும் ஒரு வீட்டுக்கு வாரத்தில் அரைமணி நேரம் போய் அந்தக் கடிதங்களை வாசித்துச் சொன்னால், பெற்றோர் கைக்குக் கைபேசி திரும்பும். இதற்குச் சங்கமும் நிர்வாகக் குழுவும் தேவையில்லை.

கனடியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் சொல்வது கடுமையானதல்ல. இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம். ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். படுக்கைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் திரை இல்லாமல். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அவர்கள் வைத்த விதிவிலக்கு நமக்காகவே எழுதியது போல இருக்கிறது: அன்பான பெரியவர்களோடு பேசும் வீடியோ அழைப்பு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடு கதைப்பதையும், தானாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் யூடியூப் படங்களையும் ஒரே கணக்கில் எழுதுவது அபத்தம். பெரியவர்கள் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்றும் அதே சங்கம் சொல்கிறது. இதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். சாப்பாட்டு நேரத்தில் வாட்ஸ்அப் செய்தி பார்க்கும் அப்பாவுக்கும், சீரியல் ஓடாமல் சமையல் செய்யாத அம்மாவுக்கும் இது பொருந்தும்.

என்றாலும் முழுப் பாரத்தையும் வீட்டின் தலையில் கட்டுவது நியாயமல்ல. கியூபெக்கின் வரலாறே அதற்குச் சாட்சி. 1980இல் இந்த மாகாணம் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களைத் தடை செய்தது. தொலைக்காட்சியை அணைப்பது பெற்றோர் வேலை என்று அரசு கைகழுவவில்லை. பொம்மை வணிகம் செய்த இர்வின் டாய் நிறுவனம் இது பேச்சுரிமைக்கு எதிரானது என்று வழக்காடியது. சிறு பிள்ளைகளை அப்படிப்பட்ட விளம்பரத்திலிருந்து காப்பது அந்த உரிமையை மட்டுப்படுத்தப் போதிய காரணம்தான் என்று 1989இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று பிள்ளைக்கு ஆசை காட்டியது சில நொடி விளம்பரம். இன்று விளையாட்டும் செயலியுமே பிள்ளையை எழும்பவிடாதபடி வடிவமைக்கப்படுகின்றன என்பதுதான் குற்றச்சாட்டு. ஃபோர்ட்நைட் விளையாட்டு அப்படிப் பிள்ளைகளை அடிமைப்படுத்துகிறது என்று பெற்றோர் கொண்டுவந்த கூட்டு வழக்கை நடத்தக் கியூபெக் மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. சமூக ஊடகக் கணக்குத் திறக்கக் குறைந்த வயதை 14 ஆக்கும்படி, சட்டமன்றத்தின் எல்லாக் கட்சியினரும் அமர்ந்த சிறப்புக் குழு 2025இல் பரிந்துரைத்தது. அது சட்டமாக வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் இர்வின் டாய் தீர்ப்புக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. அத்தனை காலம் நம் பிள்ளைகள் வளராமல் காத்திருக்கப் போவதில்லை.

இடைப்பட்ட காலத்தில், ஒரு வீட்டின் கட்டுப்பாடு அடுத்த வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது என்பதே பெரிய தொல்லை. “மாமி வீட்டில மட்டும் விடுகினம்” என்ற ஒரு வாக்கியம் போதும், எந்த விதியும் உடையும். ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் நாலைந்து வீடுகள் சேர்ந்து, இன்ன வகுப்புவரை சொந்தக் கைபேசி இல்லை, இரவில் கைபேசிகள் குசினியிலேயே சார்ஜ் ஏறும் என்று முடிவெடுத்தால், “எனக்கு மட்டும் இல்லை” என்ற அழுகைக்கு வேலை இராது. வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் வகுப்புகளும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கொப்பியும் பென்சிலும் இன்னும் கடையில் கிடைக்கின்றன. பார்க் எக்ஸ்டென்ஷன் துர்க்கை அம்மன் கோயிலிலும் டொலார் டெஸ் ஓர்மோவிலுள்ள முருகன் கோயிலிலும் பூசை முடிந்து பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், கேரம் பலகை ஒன்று பிள்ளைகளுக்குப் போதும். வெளியே விளையாட முடியாத மாதங்களில் நூலகத்தை மாலையில் இன்னும் கூடுதல் நேரம் திறந்து வைக்கும்படி நகரசபையைக் கேட்பது நம் உரிமை, வரி கட்டுகிறோம்.

கியூபெக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பாடசாலையும் செப்டம்பர் முடிவதற்குள் பெற்றோரின் பொதுக்கூட்டத்தைக் கூட்டி, ஆட்சிக் குழுவுக்குப் பெற்றோர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் நம் முகங்கள் அதிகம் தெரிவதில்லை. பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். பாடசாலை முடிந்த பிறகு பிள்ளைகள் தங்கி விளையாட என்ன வசதி, அறிவிப்புகளைத் தமிழில் பெற வழி உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் அங்கே எழுப்பலாம். ஒரு பாடசாலைக்கு மூன்று தமிழ்க் குடும்பங்கள் போனாலே அவை கூட்டக் குறிப்பில் ஏறும்.