பகுதி சபைக்கு வாக்கு வேண்டும்

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் தலா ஒரு கவுன்சிலர் இருக்கிறார். வாக்காளர்கள் நேரில் பேசுவதற்குப் பகுதி சபையும் சட்டத்தில் இருக்கிறது. 2010இல் சட்டத்தில் நுழைந்த பகுதி சபைக்கு விதிகள் வந்தது 2022இல்தான். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார்.

இடைப்பட்ட காலம் மோசமானது. 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. தி.நகர் பாண்டி பஜாரில் சாலையைச் சுருக்கி நடைபாதையை அகலமாக்கிய வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டபோது, அது குறித்துக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. நல்ல திட்டமே ஆனாலும் இப்படி வருவது முறையல்ல.

இப்போது சபை கூடுகிறது, மனுக்கள் குவிகின்றன. ஆனால் பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது. இதை மாற்ற வேண்டும். பிரதிநிதி வாக்கெடுப்பில் வர வேண்டும். கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியில் முதலில் தெருவிளக்கா, பூங்காவா, உடற்பயிற்சிக் கூடமா என்பதைச் சபையே வாக்களித்து முடிவு செய்யட்டும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989 முதல் மாநகர நிதியின் ஒரு பகுதியை இப்படித்தான் பங்கிட்டது.

எல்லாவற்றையும் வாக்குக்கு விடலாமா? கூடாது. மாம்பலம் கால்வாய் தி.நகரில் அடைத்துக்கொண்டால் நீர் பல தெருக்களில் தேங்கும். 2021 நவம்பரில் அதைப் பார்த்தோம். அடையாறு ஆறு வரை போகும் கால்வாயை ஒரு தெருவின் விருப்பத்துக்கு வெட்ட முடியாது. அது பொறியாளர்களும் மாமன்றமும் பொறுப்பேற்க வேண்டிய வேலை.

இதைவிடக் கவலைக்குரியது மெரினாவை ஒட்டிய மீனவக் குப்பமான நொச்சிக்குப்பம். 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையோர மீன் கடைகள் போக்குவரத்து நெரிசலின் பெயரால் அகற்றப்பட்டபோது, மீனவப் பெண்கள் சாலையில் அமர்ந்து போராடினார்கள். காரில் வருவோரையும் சேர்த்து அன்று வாக்கெடுப்பு நடத்தியிருந்தால், மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எண்ணிக்கையிலேயே தோற்றிருப்பார்கள். பிழைப்பும் குடியிருப்பும் பெரும்பான்மைக்கு உட்பட்டவை அல்ல. அங்கே பிரதிநிதிகள் கேட்டு, பேசி, மாற்று இடத்தைக் காட்டிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

சபையின் தீர்மானத்தை மாமன்றம் ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் தந்து, அடுத்த கூட்டத்தில் படித்துக்காட்ட வேண்டும். இந்த ஒரு விதியை அரசு உடனே சேர்க்கலாம்.